மண்டியிடாத மன்னனின் மகுடம்

ஓய்வுபெற்ற மறுநாளே பாத்திரம் துலக்கும் வேலை ஜெயகுமாரின் தலையில் விழுந்தது. வீட்டுக்குள் வாதாடித் தோற்றவர், ஊரறிய வெல்வதென்று நாடகம் எழுதினார்.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணர்களின் ஆண்டுவிழாவுக்கு அது. பழைய ஆங்கில அரசவை நாடகங்களின் மிடுக்கில் இக்காலத் துயரங்களைச் செய்யுளாக்கியிருந்தார். வராத சிலிண்டருக்கு ஒரு புலம்பல். வைஃபைக்கு ஒரு சாபம். இறுதியில் அரசன், "இனிப் பாத்திரம் தொடேன்!" என்று முழங்க, அரசி மண்டியிட வேண்டும்.

"மண்டி போடணும், அவ்ளோதானே? போட்டுட்டாப் போச்சு," என்றார் அரசியாக நடிக்க இசைந்த மனைவி மதனவதி. ஜரிகை சுற்றிக் கிரீடமும் செய்து தந்தார். தலையில் சற்றே கனத்தது. அரசபாரம் என்று ஜெயகுமார் பூரித்தார்.

திரை இழுக்கும் தர்மனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "யாராவது மண்டி போட்டாத்தான் திரைய விடணும். நானே கத்தினாலும் விடாதப்பா."

மேடைப் பதற்றத்தில் அவர் மதியம் உண்ணவில்லை. பக்கத்துக் கூடத்தில் விருந்து காத்திருந்தது. பொழுது சாய்ந்தால் சமணர் எவரும் உண்பதில்லை. அடுத்த கவளம் மறுநாள் விடிந்த பிறகே.

இறுதிக் காட்சி வந்தது.

"வற்றிய குழாயே கேள்! சுழலும் வைஃபையே கேள்!
பற்றிய நாரெறிந்தேன், பாத்திரம் இனித் தொடேன்!"

கைதட்டல் அதிர்ந்தது. மதனவதி மண்டியிடவில்லை. சன்னல்வழியே மேற்கைப் பார்த்தார்.

"மன்னவா, என்குறைகள் மாலைக்குள் முடியாது;
அன்னமோ அண்டாவில், ஆதவனோ அடிவானில்!"

தொடர்ந்து பாடினார். மாற்றாத பல்பு, மறந்த மாவரைப்பு, ஈரத் துண்டு.

"இதெல்லாம் நான் எழுதவே இல்லையே!" என்று பல்லைக் கடித்தார் அரசர்.

"நானும் மண்டி போடறதா இல்லீங்க."

"தர்மா, திரைய விடு!"

"நீங்களே கத்தினாலும் விடக்கூடாதுன்னீங்களே சார்!"

முன்வரிசையிலிருந்து மைத்துனர் எழுந்தார். "மாமா, பொழுது போய்க்கினு இருக்குது! சட்டுனு மண்டி போடுங்க. ஊரே பசியில கிடக்குது!"

"போடுங்க! போடுங்க!" என்று அரங்கமே முழங்கியது.

அரசனின் நெஞ்சு நிமிர்ந்தே நின்றது. வயிறுதான் மண்டியிட்டது, முழங்கால்கள் அதைப் பின்பற்றின. திரை விழுந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே அனைவரும் உண்டு முடித்தனர். பிறகு ஜெயகுமார் தொட்டியடியில் அமர்ந்து அண்டாவைத் துலக்கினார், கிரீடத்தோடு. "என்ன ஆனாலும் இதக் கழட்ட மாட்டேன்!"

"கழட்டித் தொட்டியில போடுங்க," என்றார் மதனவதி. "அது நம்ம வீட்டு இட்லிப் பானை மூடி."