சீட்பெல்ட் அண்ணனும் மாமன் சீர் பிரிட்ஜும்

"பில்லு போடற பொண்ணு நீ. லோடு எப்படி ஏறுது, எப்படி எறங்குதுன்னு உனக்கு இன்னா தெரியும்?"

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் வீட்டுப் பொருள் கடையில், டெலிவரிப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது மேனேஜர் சொன்னது இது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.காம். வரை போனவளும் நான்தான். எழுதியிருப்பதைப் படித்தால் எந்த வேலையும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது. விடாமல் நச்சரித்ததில் மேனேஜர் இறங்கி வந்தார். "ரெண்டு மாசம் பாரு. ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தாலும் மறுபடி பில்லு சீட்டுதான்."

அப்படித்தான் சீட்பெல்ட் அண்ணனின் வண்டியில் ஏறினேன்.

விழுப்புரம் மாவட்டத்திலேயே மனிதர்களை விடப் பிரிட்ஜுக்கு அதிக மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். சொந்தமாகக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தார். கடைக்கு டெலிவரி ஓட்டினார். கயிறு கட்டுவது என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "மாட்டத்தான்மா கயிறுல கட்டுவாங்க. இதுக்குப் பேரு பெல்ட்டு போடறது." அதனால் வந்த பெயர்.

அவர் பெல்ட் போடும் அழகைப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். வண்டித் தளத்தில் முதலில் பழைய மெத்தை. அதன் மேல் பிரிட்ஜ், நின்ற வாக்கில், டிரைவர் கேபினுக்கு முதுகைக் கொடுத்து. உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டுகளுக்கு டேப், கதவுக்கு டேப். அட்டைப்பெட்டியை மறுபடி மூடி, அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கம்பளி. அப்புறம்தான் முறுக்கு பெல்ட் இரண்டு, இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. நாலு பக்கக் கொக்கியிலும் மாட்டி இறுக்குவார். கடைசியில் பெட்டியைப் பிடித்து ஒரு உலுக்கு. "பொட்டி ஆடுனா பெல்ட்டு தப்பு. வண்டி ஆடுனா பெல்ட்டு சரி." வண்டி ஆடும். முகம் மலரும்.

கிளம்பி இரண்டு கிலோமீட்டரில் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்துவார். டீ குடிக்க அல்ல. "கொஞ்ச தூரம் குலுங்கனாதான் பெல்ட்டு தன் புத்தியக் காட்டும்" என்று இறங்கிப் போய் மறுபடி இறுக்குவார். அந்த டீக்கடைக்காரர் ஒருநாளாவது அவர் டீ வாங்குவார் என்று காத்திருந்தே நரைத்துப்போனார்.

கண்டமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது தெருவின் குறுக்கே கரண்டு ஒயர் தாழ்ந்து தொங்கியது. "படுக்க வெச்சி எடுத்துக்கினு வந்துடுங்க" என்றார் வீட்டுக்காரர். சீட்பெல்ட் அண்ணன் காதில் கெட்ட வார்த்தை விழுந்தது போல முகத்தைச் சுளித்தார். "படுத்தா உள்ள இருக்கற ஆயிலு ஏறிக்கும் சார். இது நின்னுக்கினுதான் வரும்." தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, நாலு பேரைப் பிடித்து, பிரிட்ஜை நின்ற வாக்கிலேயே தூக்கிக்கொண்டு போனார். சிவப்புக் கம்பளி போர்த்தி, அது மெதுவாக ஆடி ஆடிப் போனதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். அட்டைப்பெட்டியில் கண்ணாடிக் கோப்பைப் படம் போட்டிருக்கும் அல்லவா? உடையும் பொருள், பத்திரம் என்று அர்த்தம். அவர் அதை விரலால் தட்டித் தட்டி எல்லோரிடமும் சொல்வார்: "பாத்தியா, கிளாஸு படம். குடிச்சவன் கிட்ட வரக்கூடாதுன்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான்."

முதல் தடவை கேட்டபோதே திருத்த நினைத்தேன். இரண்டாவது தடவை வாய் வரை வந்துவிட்டது. படித்தவள் அல்லவா, நாக்கு அரித்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் அவரைச் சின்னவராக்க மனசு வரவில்லை. தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இரண்டு மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது வல்லம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. கல்யாணச் சீர், பெண்ணின் தாய்மாமன் வாங்கிய பிரிட்ஜ், எங்கள் கடையிலேயே பெரியது. மாமன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். காலையிலேயே கொஞ்சம் உள்ளே போயிருந்ததும் வாசனையில் தெரிந்தது.

பெல்ட் போட்டு முடித்ததும் மாமன் பின்பக்கம் ஏறக் காலைத் தூக்கினார்.

"எங்க சார் ஏறீங்க?"

"பிரிட்ஜ புடிச்சிக்கினு வர்றேன்."

"அத பெல்ட்டு புடிச்சிக்கினு வரும். நீங்க பைக்குல வாங்க."

"யோவ், நான் புடிச்சிக்கினு போயி ஊருல எறங்கனாதான் அது மாமன் சீரு. இல்லன்னா கடைக்காரன் சீரு. மொதல்ல அந்தக் கம்பளியக் கழட்டு. பொணத்துக்குப் போத்தன மாதிரி."

"கம்பளி ஊரு எல்லையில கழட்டலாம். ஆளு ஏறக்கூடாது."

மாமன் போனை எடுத்து மேனேஜரை அழைத்துப் பேசிவிட்டு என் கையில் கொடுத்தார். மேனேஜர் குரல் பதறியது. "ஏத்திக்கினு போம்மா. பெரிய பார்ட்டி. கோவிச்சிக்கினாருன்னா நாளைலேர்ந்து நீ பில்லு சீட்டுதான், சொல்லிட்டேன்."

போனை வைத்தேன். சீட்பெல்ட் அண்ணன் பெட்டியில் கம்பளி மூடாமல் விட்ட மூலையை விரலால் தட்டினார். "சார், நான் சொல்லல. பொட்டியில போட்டிருக்கான். குடிச்சவங்க இது கிட்ட வரக்கூடாது."

"யாருகிட்ட கதை உடற?" என்ற மாமன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. நீயே படிச்சிச் சொல்லு. இன்னா போட்டிருக்கு?"

படத்தைப் பார்த்தேன். அதன் அடியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல், தெளிவாக. கூலிக்குக் கேப்பை அறுத்து என்னைப் படிக்கவைத்த என் அப்பா, ரேஷன் கார்டிலிருந்து கோர்ட்டு நோட்டீஸ் வரை ஊருக்கே என்னைப் படித்துக் காட்டச் சொல்வார். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

"அவர் சொல்றதுதாங்க போட்டிருக்கு" என்றேன். "குடிச்சிருந்தா கிட்டக்க வரக்கூடாதாம். மீறி வந்தா வாரண்டி கிடையாதாம்."

வாரண்டி நானாகச் சேர்த்தது. அதற்குத்தான் மாமன் பயந்தார். முணுமுணுத்துக்கொண்டே தங்கை மகன் ஓட்டிவந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்தார்.

வல்லம் தாண்டியதும் சாலையில் முழங்கால் உயரத்துக்கு உளுந்துச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள். போகிற வண்டியே மேலே ஏறி உளுந்தை அடித்துக் கொடுத்துவிடும் என்பது கணக்கு. அதன் மேல் ஏறும்போது ஒரு ஆடு குறுக்கே ஓடிவந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கி, பின்பக்கம் பாதிச் சாலைக்குச் சுழன்று, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது பிரிட்ஜ் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. பிடிமானம் இல்லாமல் கிடந்த ஸ்டெப்னி டயர் மட்டும் தளத்திலிருந்து பறந்து போய் வயலில் உருண்டுகொண்டிருந்தது.

பின்னால் பைக்கில் வந்த மாமன் இறங்கி அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். போதை எங்கே போனதென்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஊர் எல்லையில் அண்ணன் வண்டியை நிறுத்திக் கம்பளியை உருவினார், அட்டையைப் பிரித்தார். பளபளவென்று பிரிட்ஜ் நின்றது. "சார், வண்டி ஓரமா கைய வெச்சிக்கினு நடந்து வாங்க. மெதுவா ஓட்டறேன். நடக்கறவங்களுக்கு பெல்ட்டு தேவை இல்ல." மேளம் முன்னால் போக, மாமன் நெஞ்சை நிமிர்த்தி வண்டியில் கை வைத்து நடந்தார். ஊரே பார்த்தது. கல்யாண வீட்டில் உடனே ஸ்விட்ச் போட்டுச் சோடா வைக்க வந்தவர்களை விரட்டியபடி, "களைச்சி வந்திருக்கு, ரெஸ்ட்டு எடுக்கட்டும்" என்று அண்ணன் பிரிட்ஜ் வாசலிலேயே இலை போட்டுச் சாப்பிட்டார்.

திரும்பும்போது மேனேஜர் போன் வந்தது. மாமன் பேசினாராம். "அந்தப் பொண்ணு நல்லாப் படிச்ச பொண்ணுங்க, டெலிவரிக்கு அதையே வெச்சிக்கோங்க" என்றாராம். என் வாழ்க்கையில் முதன்முதலாகத் தப்பாகப் படித்ததற்குக் கிடைத்த பாராட்டு.

இனிமேலும் மறைக்கக் கூடாது என்று தொண்டையைச் செருமினேன். "அண்ணா, அந்தக் கிளாஸ் படம் இருக்கு இல்ல... அது வந்து..."

"உடையும், பத்தரம்னு போட்டிருக்கு. தெரியும்மா." சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பன்னெண்டு வருஷமா லோடு அடிக்கறேன், அது தெரியாதா? கல்யாணச் சீருன்னா குடிச்சிட்டு ஒருத்தன் ஏறுவான். நான் சொன்னா கேக்கமாட்டான், கம்பெனி சொன்னா கேப்பான். இன்னிக்கி நீ மாட்டி உட்டுடுவியோன்னுதான் ஒரே பேஜாரா இருந்துச்சி."

போன தை மாதம் அவர் விழுப்புரம் கிளைக்கு மாறிப் போய்விட்டார். புது டிரைவர் ஒற்றைக் கயிற்றைச் சுற்றிவிட்டு விசிலடித்துக்கொண்டே கிளம்புகிறார். நான் தினமும் அவரை இறக்கி மறுபடி கட்டவைக்கிறேன். பார்த்துப் பார்த்துச் சலித்து, வண்டியை நானே ஓட்டுவதென்று முடிவு செய்து, போன வாரம் லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர். போட்டுவிட்டேன். ஆபீஸில் அவசரத்துக்கு அழைக்க ஒரு நம்பர் கேட்டார்கள். போன் வெளியே பையில் இருந்தது. அப்பா நம்பரோ அம்மா நம்பரோ எனக்கு மனப்பாடம் இல்லை. யோசிப்பதற்குள் கை பத்து இலக்கத்தையும் எழுதி முடித்திருந்தது. கூப்பிட்டால் விழுப்புரத்தில் அண்ணன் எடுக்கும் நம்பர் அது.