கை படாமல் கைதேர்ந்தவர்கள்

கைத்தொழிலைக் கை படாமலே கற்றுக்கொடுக்க முடியும் என்பதை உலகுக்கு நிரூபித்தது மினசோட்டா மாநிலம், டுலூத் நகரில் இருக்கும் எங்கள் மருத்துவமனைதான். வெளியூர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பொறாமை. குடல் நோய்ப் பிரிவின் 'திறன் மதிப்பீட்டுக் குழு'வுக்கு நான் செயலாளர். குழுவில் ஐந்து பேர். ஐந்து கையெழுத்தும் விழுந்தால்தான் ஒரு பயிற்சி டாக்டர் நிபுணர் ஆவார். கையெழுத்துகளுக்கு மேலே வரும் அழகான வாசகங்களைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு.

கொலோனோஸ்கோபி என்பது பின்வாசல் வழியாக நீளமான குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்வையிடும் கலை. நூற்றைம்பது பேருக்குத் தன் கையால் செய்தவருக்கே சான்றிதழ் என்று எங்கள் பிரிவில் ஒரு பழைய விதி உண்டு. எழுதியவர்களுக்குத் தொலைநோக்கு போதாது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. அவசரமில்லாத சோதனைகள் எல்லாம் நின்றன. மறுபடி தொடங்கியபோது முகக்கவசத் தட்டுப்பாடு. அறையில் ஓர் ஆள் குறைந்தால் ஒரு கவசம் மிச்சம் என்று பயிற்சி டாக்டர்களை வெளியே நிறுத்தினார்கள். நின்றார்கள், ஒரு வருடத்துக்கும் மேலாக. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக நோயாளியின் பாதங்கள் நன்றாகவே தெரியும்.

குழு காணொளியில் கூடியது. தலைவர் டாக்டர் பிரிங்கர்ஹாஃப் ஏரிக்கரை வீட்டிலிருந்து கலந்துகொண்டார். மேலே கோட்டும் டையும் தெரிந்தன. கீழே என்ன என்று குழு கேட்கவில்லை.

"கத்துக்கறது கண்ணுலதான் ஆரம்பிக்குது. கதவுக்கு வெளியில நின்னு கவனமா பாத்தா அரை கொலோனோஸ்கோபின்னு எழுதிக்குங்க" என்றார்.

"கவனமில்லாம பாத்தா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"கால்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒருவருடைய ஒலி அணைந்திருந்ததால் அவர் ஆட்சேபித்தாரா, இருமினாரா என்பது தெரியவில்லை.

வீட்டுப் பயிற்சிக்கென்று ஆளுக்கொரு தோட்டக் குழாயும் அட்டைப்பெட்டியும் அனுப்பினோம். பயிற்சி டாக்டர் ட்ரென்ட் ஆல்டஸ் தன் வீட்டு வரவேற்பறையில் நாற்பத்து நான்கு பெட்டிகளை வெற்றிகரமாகப் பரிசோதித்தார். ஒன்றில் பூனை இருந்தது. 'அபூர்வக் கண்டுபிடிப்பு' என்று பதிவு செய்தோம்.

இன்னொரு பயிற்சி டாக்டர் கேரின் லிண்ட்க்விஸ்ட் என்ற பெண். அவரை மிச்ச நேரங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மூச்சுத் திணறுகிறவர்களைக் குப்புறப் படுக்க வைக்க ஆறு பேர் வேண்டும். அவர் ஆறில் ஒருவர். குழுவில் ஒரு மேதை கேட்டார்: குப்புறப் போட்டால் நாம் வேலை செய்யும் பக்கம்தானே மேலே வருகிறது? அந்த ஞானத்தைக் குழு அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு புரட்டலுக்கும் கால் கணக்கு கொடுத்தோம். அவர் புரட்டியவர்களில் பாதிப் பேர் வீடு திரும்பவில்லை. அவர்களையும் கணக்கில் சேர்த்தோம். அதைத் தட்டச்சு செய்தபோது மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது.

2021 ஜூனில் கேரினின் கணக்கு நூற்று எழுபத்தொன்று. இறுதிக் கூட்டத்தில் அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தோம்.

"சார், என் கையால செஞ்சது கொரோனாவுக்கு முன்னாடி செஞ்ச அறுபத்திரெண்டுதான். இன்னும் ஆறு மாசம் பயிற்சி குடுங்க."

"நூத்தி எழுபத்தொண்ணுன்னு இருக்கேம்மா. கணக்கைவிட உனக்கு நல்லாத் தெரியுமா?"

"குடல் ஈரக் காகிதம் மாதிரி சார். வளைவுல தப்பா அழுத்தினா கிழிஞ்சிடும். அந்த வளைவு எனக்கு இன்னும் கைக்கு வரல. வர்றவங்க என்னை நம்பித்தானே வந்து படுப்பாங்க?"

தலைவருக்கு மனசு நொந்துவிட்டது. பெமிட்ஜி ஊரில் ஜூலையில் கேரினுக்காக ஒரு வேலை காத்திருப்பதையும், சான்றிதழ் இல்லாமல் போனால் அது கைநழுவிவிடும் என்பதையும் எடுத்துச் சொன்னார். தெரியும் என்றார் கேரின். ஆறு மாதப் பயிற்சியையே மறுபடியும் கேட்டார். அப்புறம் குழு என்னதான் செய்யும்? 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று காரணம் காட்டி அவரைத் தோல்வியடையச் செய்தோம். பூனையைக் கண்டுபிடித்த ஆல்டஸுக்கு 'மிகச் சிறப்பு' கிடைத்தது, எங்கள் மருத்துவமனையிலேயே வேலையும் கிடைத்தது.

பெமிட்ஜி வேலை வேறு யாருக்கோ போனது. அதற்குள் அறைக்கதவு பயிற்சி டாக்டர்களுக்குத் திறந்துவிட்டதால் கேரின் ஆறு மாதமும் உள்ளே நின்று, தினமும் தன் கையால் செய்தார். டிசம்பரில் சான்றிதழ் கொடுத்தோம். 'முதல் முயற்சியில் தேறவில்லை' என்ற வரி அதில் நிரந்தரமாக இருக்கும். எங்களிடமே ஒரு மூலை அறையில் வேலையும் போட்டுக் கொடுத்தோம். எங்களுக்குப் பெருந்தன்மை அதிகம்.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் பிரிங்கர்ஹாஃப் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"வெண்டெல், ரெண்டு வாரமா எனக்கு ரத்தம் போகுது. உள்ள விட்டுப் பாத்துடணும்."

"ஆல்டஸ்கிட்ட நாளைக்கே இடம் இருக்கு டாக்டர்."

"அவன் வேணாம்."

"நீங்கதானே 'மிகச் சிறப்பு'ன்னு—"

"நான் எழுதினது எனக்குத் தெரியாதாய்யா? நாம ஃபெயில் ஆக்கினோமே, அந்தப் பொண்ணுகிட்ட போடு."

கேரின் இரண்டே நாளில் பார்த்தார். உள்ளே வளர்ந்திருந்த கட்டியை எடுத்துப் போட்டார். குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு குழுவின் மற்ற நால்வரும் ஒவ்வொருவராக வந்து, என் அறைக்கதவைச் சாத்திவிட்டு, அவரிடமே நாள் கேட்டார்கள். போன மாதம் எனக்கு ஐம்பது வயது முடிந்தது; நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டிய வயது. நானும் என் பெயரை அங்கேதான் எழுதினேன்.

இப்போது கேரினிடம் ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். ஆல்டஸிடம் நாளைக்கே இடம் உண்டு. ஊர்க்காரர்கள் மருத்துவமனை வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் அவருடைய சான்றிதழில் 'மிகச் சிறப்பு' என்று படிக்கிறார்கள், கீழே இருக்கும் ஐந்து கையெழுத்தையும் பார்க்கிறார்கள், நம்பி அவரிடம் போய்ப் படுக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவர்களுக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.