கோழியைக் குளிப்பாட்டுபவர்

மனிதர்களில் கோழி சாப்பிடுபவர்கள் உண்டு, சாப்பிடாதவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: கோழியைக் குளிப்பாட்டுபவர்கள். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். எனக்கு வாய்த்தவர் என் மனைவியின் அண்ணன்.

மச்சான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வாரத்தில் ஆறு நாள் யார் வம்புக்கும் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை வாசலில் கால் வைத்தாரோ, ஆளே வேறு. வெட்டிவைத்த கறியை மூக்குவரை தூக்கி, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்து, கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்து, மறுபடி ஒரு இழுப்பு இழுத்து, "ம்... இது சந்தோஷமா வளர்ந்த கோழி" என்று தீர்ப்புச் சொல்வார். கிருமிக்கு வாசனை உண்டா? கேட்டுப் பாருங்களேன்! "என் மூக்குக்குத் தெரியாத கிருமி இன்னும் பொறக்கல" என்பார். கடைக்காரர், ஆள் நகர்ந்தால் போதுமென்று, "ஆமா சார், ஆமா சார்" என்று கட்டிக்கொடுத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் குளியல். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் புரட்டிப் புரட்டித் தேய்த்து, பதினோரு தண்ணீர் கழுவுவார். தெறிக்கும் தண்ணீர் குழாய்ப் பிடி, தட்டு, கரண்டி, சுவர்க் காலண்டர் என்று சமையலறையையே ஒரு சுற்றுச் சுற்றிவரும்.

"அடுப்புல நல்லா வெந்தாலே எல்லாம் செத்துடுமேங்க" என்பார் அவர் மனைவி.

"சாகிறதுதான் சாகுது, அழுக்கோடவா சாகணும்?" என்பார் மச்சான். 

இந்த இனத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தால் மூன்றாம் நாளோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை இழுப்பறையில் சேர்த்துவைப்பார்கள். மச்சானிடம் அப்படி இருபது முப்பது அரை அட்டைகள் இருந்தன. யார் தும்மினாலும் ஒன்று பிய்த்துக்கொடுப்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். மச்சானின் மகளும் அந்தப் பையனும் ஒருவரையொருவர் விரும்பி இரண்டு வருஷமாகிவிட்டது. பையனின் அப்பா அம்மா சரி என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சமையல்ரூம் பக்கம் வராதீங்க. என் வாழ்க்கைப் பிரச்சனை" என்று கெஞ்சினாள் மகள்.

வாழ்க்கைப் பிரச்சனை என்றதும் மச்சானுக்குப் பாசம் பொங்கிவிட்டது. பதினோரு தண்ணீர் பதினைந்தானது. பக்கத்துத் தட்டில் நறுக்கிவைத்திருந்த வெள்ளரிக்காய்க்கும் அந்தப் பாசத்தில் பங்கு கிடைத்தது.

நானும் என் மனைவியும்கூடப் போயிருந்தோம்; விருந்து பிரமாதம். பையனின் அப்பா வெள்ளரிக்காயை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வாரம் தேதி பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குக் கழிப்பறையிலிருந்தே விடுப்புச் சொன்னேன். என் மனைவி வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அரை அட்டைகளோடு வந்து, எனக்கு இரண்டு, தங்கைக்கு ஒன்றரை என்று வழங்கினார். சம்பந்தி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். யாருக்கும் எந்த மாத்திரையும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவுக்காக டாக்டரம்மாவின் அறையில் இரண்டு குடும்பமும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பையனின் அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மச்சான் மகளின் கண் கலங்கியிருந்தது. பார்க்க எனக்கே மனசு பிசைந்தது, வயிற்றோடு சேர்த்து.

"எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒண்ணும் ஆகல டாக்டர். நாங்க வெள்ளரிக்காய் சாப்பிடல" என்றாள் அவள், பையனைக் காட்டி. உண்மைதான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்ததில் இருவர் தட்டிலும் வெள்ளரிக்காய் அப்படியே கிடந்தது.

மச்சான் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! கோழி சுத்தம். தப்பு வெள்ளரிக்காய் மேலதான். அதையும் கழுவியிருக்கணும்!"

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. "கோழியில இருந்த கிருமியை நீங்கதான் தண்ணியில ஏத்தி வெள்ளரிக்காய்க்கு அனுப்பியிருக்கீங்க. பண்ணையில தீவனத்துலயே மருந்தைக் கலந்து போட்டிருப்பாங்க, இந்தக் கிருமிக்கு அது ஏற்கெனவே பழகிப்போயிருக்கு. நீங்களும் மாத்திரையை அரைகுறையா முழுங்கி இன்னும் பழக்குறீங்க. மூணு வகை மருந்து இதுகிட்ட பலிக்கல."

"மூணா!" என்றார் மச்சான், மகன் முதல் மதிப்பெண் வாங்கியதைப் போல. "சாதாரணக் கிருமியெல்லாம் நம்மகிட்ட நிக்காது டாக்டர்."

பையனின் அப்பா மெதுவாக எழுந்தார். தீர்ந்தது கல்யாணம் என்று நினைத்தேன்.

"எத்தனை தண்ணி கழுவினீங்க?"

"பதினஞ்சு."

"பச்சைத்தண்ணியா?"

"ஆமா சம்பந்தி."

"அடடா, அங்கதான் தப்பு! நான் எப்பவும் வெந்நீர். ஒன்பதே தண்ணி, பளிச்சுன்னு ஆயிடும். இந்த மாத்திரை கேக்கலைன்னா என்ன, என்கிட்ட வேற அட்டை இருக்கு!"

இருவரும் கட்டிக்கொண்டார்கள். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். கல்யாணம் அந்த இடத்திலேயே நிச்சயமானது.

பெண்ணும் பையனும் மட்டும் ஒரு காகிதத்தில் நிபந்தனை எழுதினார்கள்: அப்பாக்கள் இருவரும் இனிப் பச்சைக் கறியைத் தொடக்கூடாது, யாருக்கும் மாத்திரை கொடுக்கக்கூடாது. இருவரும் முணுமுணுக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம்.

வெளியே வந்ததும் மச்சான் என் காதருகே குனிந்தார். "புள்ளைங்க புத்திசாலிங்க. அவரை இப்படித்தான் அடக்கணும். என் பேரைச் சும்மா துணைக்குச் சேர்த்திருக்காங்க." அவர் அந்தப் பக்கம் போனதும் சம்பந்தி என் கையைப் பிடித்து, மச்சானைப் பற்றி அதையே சொன்னார்.

இந்நேரம் உங்களுக்கும் யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். இதை அவரிடம் கட்டாயம் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று முடிவுகூடச் செய்திருப்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால், இதை உங்கள் கையில் கொண்டுவந்து திணித்தது யார் என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கொடுங்கள்.