தானாக நின்ற வரிசை

ஒரு காட்டில், மிருகங்கள் தண்ணீர் குடிக்கும் குட்டையில், மிளகு அளவு நீர்வண்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை இஷ்டத்துக்குச் சுற்றித் திரிந்ததில், குடிக்க வந்தவர்களின் மூக்குக்குள் எல்லாம் போய் வந்தன. புகார் சிங்கராஜாவிடம் போனது. அவர் செங்கண்ணன் என்ற கீரியைக் குட்டை ஒழுங்கு அலுவலராக நியமித்து, விசிலும் மைக்கும் கொடுத்தனுப்பினார்.

செங்கண்ணன் கடமை தவறாதவன். மைக்கில் கத்தினான், வண்டுகள் இன்னும் வேகமாகச் சுற்றின. கழியால் ஒரு மூலைக்கு ஒதுக்கிப் பார்த்தான்; ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சிக்கிக்கொண்டன. கடைசியில் தொண்டை கட்டிப்போய் மருத்துவ விடுப்பில் போனான்.

வெயில் காலம். குட்டை மெல்ல மெல்ல வற்றியது. விடுப்பு முடிந்து வந்தவன் கரையிலேயே வாயைப் பிளந்து நின்றான். வண்டுகள் வரிசை வரிசையாக மிதந்தன. எந்த வண்டைப் பார்த்தாலும் அதைச் சுற்றி ஆறு வண்டுகள். வெயில் பட்டுக் குட்டை மயில் கழுத்துப் போல மின்னியது.

இது யார் உத்தரவு என்று கரையோர வண்டு ஒன்றிடம் விசாரித்தான்.

“யாரும் போடலீங்க. தண்ணி குறைஞ்சு நெருக்கமாயிடுச்சு. தாறுமாறா நின்னா அசையவே முடியல. வரிசையா நின்னா ஆளாளுக்குக் கொஞ்சம் ஆடிக்க இடம் கிடைக்குது. எல்லாரும் ஒரே அளவு பாருங்க, சுலபமா அமைஞ்சுபோச்சு.”

செங்கண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மறுநாள் ராஜா பார்வையிட வருகிறார். வண்டுகள் தானாகவே நிற்கின்றன என்று தெரிந்தால் அலுவலர் எதற்கு? அவன் பெண்டாட்டியோ அந்தப் பதவியைச் சொல்லித்தான் அக்கம்பக்கத்துப் புற்றுகளில் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

‘ஒரே அளவு’ என்று வண்டு சொன்னதை அவன் பிடித்துக்கொண்டான்; அளவில் பெரிய ஆள் ஒருத்தரை நடுவில் விட்டால் வரிசை கலைந்துவிடும். உருட்டுமணி என்ற பருத்த சாணவண்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். அவரைத் தேக்கிலையில் உட்காரவைத்து, மேற்பார்வையாளர் என்று சொல்லிக் குட்டை நடுவில் மிதக்கவிட்டான். இலையைச் சுற்றி வரிசைகள் வளைந்தன. வளைந்த இடத்தில் விரிசல் விட்டது. விரிசல் கரைவரை ஓடியது. பொழுது சாய்வதற்குள் பழையபடி தள்ளுமுள்ளு.

ராஜா வந்து பார்த்து முகம் சுளித்தார். “என்னய்யா இது?”

“மேற்பார்வைக்கு ஒருத்தர்தான் இருக்கார், மகாராஜா. ஆள் பத்தல.”

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. உருட்டுமணியின் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஆளுக்கோர் இலை ஒதுக்கப்பட்டது. செங்கண்ணன் தலைமை ஒழுங்கு அலுவலர் ஆனான். இடம் போதாமல் நீர்வண்டுகள் வேறு குட்டை பார்த்துக் கிளம்பின. அதையும் ஒழுங்கு நடவடிக்கை என்றே அவன் அறிக்கையில் எழுதினான்.

நீதி: தானாக நடக்கும் காரியத்துக்கு ஒரு மேற்பார்வையாளரைப் போடுங்கள், அப்புறம் அவருக்கு வேலை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.