உறுமுகிற கிரில்

ஜவ்வாது மலையில் ஒழுங்காகப் பயப்படத் தெரிந்த ஒரே மனுஷன் ஷாக்கு அண்ணன்தான். நாங்களெல்லாம் ஆபத்து வந்தபோது பயந்து, அது போனபோது மறந்தவர்கள். அவர் பயத்தை வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்தார்.

பேரைப் பார்த்து, எப்போதோ கரண்ட் அடித்து எழுந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுசில் ஒரு தடவைகூட அவருக்கு ஷாக் அடித்ததில்லை. அடிக்க வேண்டுமென்றால் தொட வேண்டுமே! வீட்டில் ஸ்விட்ச் போட ஒரு மூங்கில் கழி வைத்திருந்தார். அதன் முனையில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். காலில் ரப்பர் செருப்பை மாட்டி, வாசல்படியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு குத்துவார். கண்ணை மூடினால் குறி எங்கே விழும்? ஸ்விட்சைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சுவர் பெயர்ந்து செங்கல் பல்லை இளித்துக்கொண்டிருக்கும். கல்யாணத்தில் சீரியல் லைட் போட்டிருந்தால் பந்தலுக்குள் வரமாட்டார். இலையைக் கையில் ஏந்திப் புளியமரத்தடியில் நின்று சாப்பிடுவார்.

கோழை என்று சொல்லிவிடவும் முடியாது. அவருக்குத் தொழில் மலைத்தேன் எடுப்பது. கொடியைக் கட்டிப் பாறையில் தலைகீழாகத் தொங்குவார். ஒரு தரம் நெல்லி மரத்தடியில் கரடி பாய்ந்து தோளைக் கிழித்துவிட்டது. தேனடை அறுக்கிற கத்தியால் அதன் மூக்கில் ஒரு போடு போட்டுவிட்டு, தேன் குடத்தைக் கீழே வைக்காமல் நடந்தே வீடு வந்தார். கரடிக்கு அஞ்சாதவர் கரண்டுக்கு அஞ்சினார். எங்கள் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவன் இல்லை.

யாராவது எதிரே வந்தால் "சாப்ட்டியா?" என்று கேட்பதுதானே உலக வழக்கம்? அவர் கேட்கமாட்டார்.

"எர்த்துக்குத் தண்ணி ஊத்துனியா?"

கரண்ட் தப்பித் தவறி வெளியே வந்தால் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று வீட்டோரம் ஒரு கம்பியைப் புதைத்து வைப்பார்களே, அதுதான் எர்த்து. மண் காய்ந்தால் அது சரியாக வேலை செய்யாது, அதனால் ஈரமாக வைக்க வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று பிடித்தது சனி. சாவு வீட்டில்கூட இதைக் கேட்டிருக்கிறார்.

காவலூரில் வானத்தைப் பார்க்கிற பெரிய கண்ணாடி இருக்கிறதல்லவா, அங்கே ராத்திரியானால் வெளிச்சம் காட்டமாட்டார்கள். நட்சத்திரம் தெரிய வேண்டுமே என்றுதான். ஷாக்கு அண்ணன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "பார்த்தியா, அவ்ளோ படிச்சவங்க லைட்ட அணைச்சிட்டு இருட்டுல குந்தினு இருக்காங்க. அவங்களுக்குத் தெரியும்பா!"

இப்போது என்னைப் பற்றி. சொல்லாமல் இருந்தால் கதை நகராது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். புளி மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கி விற்றவன். இன்றைக்குச் சொந்தமாகச் சாமை மில் இருக்கிறது, லோடு வண்டிகள் ஓடுகின்றன. எங்கள் பக்கத்தில் முதல் மாடி வீடு என்னுடையது. மாடிப்படிக்குக்கூடப் பளிங்கு ஒட்டினேன். எர்த்துக்கு மட்டும் பேருக்கு ஒரு கம்பியை மண்ணில் குத்தி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான் செலவு செய்கிறதில்லை.

என் வீட்டுக்காரி சாந்தா ஞாயிற்றுக்கிழமை ஆனால் கரி அடுப்பு மூட்டி நாட்டுக்கோழி சுடுவாள். அந்த வாசனைக்கு பஸ் டிரைவர் வண்டியை மெதுவாக்குவார். அவளுக்கு இருமல் வந்தது. பிறகு இழுப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கனல் விசிறிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறியிருந்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரத் தெரியவில்லை. வண்டி பிடித்து மலையிறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அவள் கையைப் பிடித்திருந்தேன். லோடு வண்டிகளுக்கு முதலாளி, ஒரு மூச்சை வெளியே இழுக்க வக்கில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே புகை ஆகாது. இன்னொரு தடவை இப்படி வந்தா கஷ்டம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தா சொன்னாள்: "அடுப்பைத் தொடாம நான் இன்னா சாமி படமா? மாட்டி வச்சி மாலை போட." அடுத்த ஞாயிறு கரியைத் தேட ஆரம்பித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் கரண்டில் சுடுகிற கிரில் வாங்கித் தருவதென்று முடிவு செய்தேன்.

ஷாக்கு அண்ணன் காதில் விழுந்தது. ஓடி வந்தார்.

"கிரில்லா? ஜன்னலுக்குத்தான் இருக்கேப்பா?"

"ஜன்னலுக்கு இல்லண்ணே. கோழி சுடறதுக்கு. கரண்டுல."

அவர் இரண்டடி பின்னால் போனார். "தங்கச்சி ஈரக் கையோட தொடுவாளே" என்றார். சாந்தாவை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "நானும் வர்றேன். நீ பெரிசா இருக்கறதைப் பார்த்து வாங்கினு வந்துடுவே."

வாணியம்பாடியில் ஒரு பாய் கடைக்குப் போனோம். ஷாக்கு அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலில் ரப்பர் செருப்போடு நின்று கழுத்தை மட்டும் நீட்டினார்.

"வாங்க வாங்க! அவர் ஏன் வெளியே நிக்கிறார்? உள்ளே வாங்க பெரியவரே" என்றார் பாய்.

"பரவால்லீங்க பாய். காத்து நல்லா வருது."

பாய் முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். கீழே கம்பிச் சுருள், மேலே வலை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "கொழுப்பு கம்பிமேல சொட்டினா?"

"கொஞ்சம் புகை வரும். அதுதானே டேஸ்டு!"

"புகை வர்றது வேணாம் பாய்."

அடுத்தது பெரியது. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் கறியை வைத்து மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். முழு ஆட்டையே படுக்க வைக்கலாம் போல இருந்தது. இதுதான் நமக்கு என்று மனசு சொன்னது. என் வீட்டு மேடையில் சின்னது வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

வாசலிலிருந்து குரல் வந்தது. "முதலை மாதிரி வாயைத் தொறக்குது. அந்தத் தகடு கழட்ட வருமாங்க?"

"வராது. ஈரத் துணியால துடைச்சுக்கலாம்."

"தங்கச்சி துடைக்கமாட்டா. தொட்டியில போட்டு வெளக்குவா. வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணே நீ! வாங்கறது நானா நீயா?"

அவர் பாயைக் கேட்டார். "பாய், சத்தம் போடறது ஏதாவது இருக்குதா?"

"சத்தமா? எல்லாரும் சத்தம் இல்லாததுதான் கேப்பாங்க!"

அப்போதுதான் அவர் ஒரு கால் மட்டும் கடைக்குள் வைத்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் என்னிடம் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத பாயிடம் சொன்னார்.

"கரடி வந்தா உறுமும் பாய். பாம்புகூட சீறும். எங்க ஊர்ல மழையில கம்பி அறுந்து தண்ணியில கெடந்துச்சு. என் மாடு முன்னால போச்சு, கயிறு என் கையில. மாடு கத்தலீங்க. வாயைத் தொறக்கவே இல்ல. நின்னுது, விழுந்துது. சத்தமே போடாம ஒண்ணு வருதுன்னா, அதுக்கு எப்படிப் பயப்படாம இருக்கறது, சொல்லுங்க?"

பாய் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பாய் உள்ளே போய் நடுத்தரமான ஒன்றை எடுத்து வந்தார். தகட்டைக் கழற்றிக் கழுவலாம், கொழுப்பு தனித் தட்டில் வடிந்துவிடும். பிளக்கில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். 'பீப்' என்று கத்தியது. "ஆன் ஆனா ஒரு தரம், சூடேறினா ஒரு தரம் கத்தும்" என்றார்.

ஷாக்கு அண்ணன் துள்ளித் தெருவில் போய் நின்றார். அங்கிருந்தே கத்தினார்: "உறுமுது! இதை எடு!"

பாய் கட்டிக் கொடுக்கும்போது சொன்னார். "மூணு முள் பிளக்கு. நல்ல எர்த்து இல்லாம போடாதீங்க. உடம்பெல்லாம் இரும்பு."

ஷாக்கு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தேன்.

நல்ல எர்த்து போட, மலைக்குக் கீழே இருக்கிற ஒரு வயரிங்காரரைப் போனில் பிடித்தேன். எங்கள் மலையில் சிக்னல் என்பது கோயில் பிரசாதம் மாதிரி, கைக்குக் கிடைத்ததுதான். "நெஞ்சாழம் குழி வெட்டி வைங்க சார். கறி ஒரு கூடை, உப்பு ஒரு மூட்டை வாங்கி வைங்க. நான் வந்து குழியில போட்டுக்கறேன்" என்றார். லைன் அறுந்தது.

குழிக்குக் கறியா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கிணறு தோண்டினால், வீடு கட்டினால் கோழி அறுத்துக் காவு கொடுக்கிறது எங்கள் வழக்கம். இது கரண்ட் ஆச்சே, கோழி போதாது போல என்று நினைத்துக்கொண்டேன். ஷாக்கு அண்ணன் மட்டும் நடுங்கிப்போனார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? ரத்தம் கேக்குற சாமான் அது! கேட்டதைக் குடுத்துடுப்பா. கொறைச்சா அப்புறம் ஆளைக் கேக்கும்."

சாந்தா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுஷன் திங்கறதுக்குக் கேட்டிருப்பாருங்க."

பொம்பளைக்கு இதெல்லாம் தெரியாது என்று, ஒரு முழு ஆட்டையே வெட்டிக் கூடையில் நிரப்பினேன். கஞ்சத்தனம் நம்மிடம் கிடையாது. "எலும்போடவா, எலும்பு இல்லாமலா?" என்று ஷாக்கு அண்ணன் கவலைப்பட்டார். கூடைக்கு வேப்பிலை கட்டினார். ஊர் நாய்கள் எல்லாம் வந்து குழியைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்துகொண்டன.

வயரிங்காரர் வந்தார். குழியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார்.

"இன்னா சார், விருந்தா?"

"குழிக்கு நீதானே கேட்ட?"

அவர் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "கரி சார்! அடுப்புக் கரி! கருப்பா இருக்குமே, அந்தக் கரி!"

"அதைச் சொல்றதுதானே?"

"அதைத்தான் சார் சொன்னேன்!"

சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று போனில் எந்தப் பண்டிதனுக்குத் தெரியும்? எனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஊர் சிரித்தது.

கரியும் உப்பும் குழியில் ஈரம் காக்குமாம். அவ்வளவு கரிக்கு எங்கே போவது? எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது சாந்தா எழுந்து உள்ளே போனாள். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கோணியை இழுத்து வந்தாள். கரி. டாக்டர் சொன்ன பிறகும் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாள்! யாரையும் கிட்டே விடாமல் கோணியைக் கவிழ்த்தாள். கரி முழுக்கக் குழிக்குள் விழுந்தது. தூசி எழும்பி அவளை ஒரு பாட்டம் இருமவிட்டு அடங்கியது. "போதுமா?" என்று என்னைப் பார்த்தாள். கரி குழிக்குப் போனது, கறி கழுவப் போனது.

வயரிங்காரர் வேலையை முடித்து, கம்பி இணைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கிரில்லை மேடையில் வைத்தோம். இனி ஸ்விட்ச் போட வேண்டியதுதான். யாரும் நகரவில்லை. நான் பயப்படவில்லை, வேட்டி காலில் தடுக்கிக்கொண்டிருந்தது. சாந்தா கறி கழுவின கையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, நேராக கிரில்லிடம் போனாள்.

"தங்கச்சி, நில்லு!"

ஷாக்கு அண்ணன் உள்ளே வந்தார். கையில் கழி இல்லை. ஆயுசில் எந்த ஸ்விட்சையும் விரலால் தொடாதவர், கையைத் திருப்பிப் புறங்கையை அந்த இரும்புமேல் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மொதல்ல நான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கழியால தள்ளிவிடுங்க. கையால தொட்டுடாதீங்க. இப்ப போடு."

வயரிங்காரர் ஸ்விட்சைப் போட்டார். 'பீப்!'

ஷாக்கு அண்ணன் அப்படியே பின்னால் சரிந்து தவிட்டு மூட்டைமேல் விழுந்தார். நாய்கள் குரைத்தன. நான் கழியைத் தேடி ஓடினேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து புறங்கையைப் பார்த்தார். "ஒண்ணும் ஆவலப்பா. உறுமிட்டுத்தான் வுட்டுடுச்சு."

சாந்தா சிரித்தாள். இருமாமல், மூச்சு வாங்காமல், முழுதாகச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. வாசலில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கரித் தூசிதான், வேறொன்றுமில்லை.

இப்போது ஷாக்கு அண்ணன் கண்ணமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே பிரிட்ஜ், மிக்ஸி, இன்வெர்ட்டர் என்று எதிரிகளுக்கு நடுவே குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வரும். போனையும் அவர் காதில் வைக்கிறதில்லையாம், கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு கத்துவாராம்.

"எர்த்துக்குத் தண்ணி ஊத்துனியா?"

"ஊத்திட்டேண்ணே" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் மழை கொட்டி ஊரே நனைந்து கிடக்கிற நாளிலும், "லைன்லயே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.