பாடகர் ஏன் வலப்பக்கமே நிற்கிறார்?

அன்பும் பண்பும் ஓரளவு பொறுமையும் உள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. 'யாவரும்' என்பதில் நானும் அடங்குவதால் அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஆம்ப்ளிஃபையர்கள் சுகமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள்மேல் தூசு படிந்தால்கூட நீங்கள் பார்க்க மாட்டீர்கள்; அவற்றின்மேல் படிய விடமாட்டீர்கள்.

நிற்க. இதை ஒரு புகார்க் கடிதமாகவே தொடங்கினேன். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவனுக்குப் புகார் எழுதுவது மூச்சு விடுவது மாதிரி. கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து, தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் கடைக்காரரின் கண்ணீரைப் பார்க்காமல் சீல் வைத்துவிட்டு வருவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பிழைப்பு முடிந்த பிறகு எனக்கென்று மிஞ்சியது பாட்டு கேட்பது ஒன்றுதான். அதற்கும் வினை வந்தது. உங்கள் அக்காள் வீட்டில் இருந்தபடியே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வருகிற தொலைபேசிப் புகார்களுக்குப் பதில் சொல்கிறாள் அல்லவா? கூடத்தில் நான் பாட்டைப் போட்டால் அவள் அறைக்குள் கேட்கிறது; அவள் அறைக்குள் கேட்டால் மறுமுனையில் இருப்பவருக்கும் கேட்கிறது. கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் அழுதுகொண்டே பேசிய நேரத்தில் இங்கே பின்னணியில் துள்ளலான காதல் பாட்டு ஒன்று ஓடியிருக்கிறது. அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "அங்க என்னம்மா, கொண்டாட்டமா?" என்று கேட்டாராம். அன்று மாலையே உங்கள் அக்காள் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, சுருட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அப்போதுதான் நீங்கள் தொலைபேசியில் வந்தீர்கள். "ஹெட்போன் வாங்கிடுங்க அத்தான். வீட்டுக்கு ஒண்ணு, வெளியில போறப்ப ஒண்ணு. வீட்டுல கேக்கிறது பெரிசா, முதுகு திறந்து காத்தோட்டமா இருக்கணும். அதுக்குத் தனியா ஒரு ஆம்ப்ளிஃபையர். வெளியில கேக்கிறதுக்குக் காதுக்குள்ள செருகுறது, அதுக்குச் சட்டைப்பையில போட்டுக்கிற மாதிரி குட்டி ஆம்ப்ளிஃபையர்" என்றீர்கள். நான் கேட்டது ஒரு ஹெட்போன். நீங்கள் சொன்னது ஒரு குடும்பம்.

நீங்கள் அனுப்பிய கடை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. வாய்க்கு வாய் ஓம் சொன்னதால் நான் அவருக்கு ஓம்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். "இது முப்பத்திரண்டு ஓம் சார், போன்லயே பாடும். அது முந்நூறு ஓம். ஆம்ப் இல்லாம அசையாது" என்றார். நான் முதலில் அவர் ஜபம் செய்கிறார் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது மின்தடையின் அளவு என்பதும், ஓம் கூடக்கூட அதை ஓட்டுவதற்கு வலுவான ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்பதும் பிறகுதான் விளங்கியது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, "கண்ண மூடுங்க சார். மேடை தெரியுதா?" என்றார்.

"எந்த மேடை?"

"நல்ல ஹெட்போன்ல பாட்டுக்கு ஒரு மேடை விரியும் சார். பாடுறவர் எங்க நிக்கிறார்னு சொல்லுங்க."

"என் வலது தோள்கிட்ட நிக்கிறார்."

"நல்லா கேளுங்க. உங்க மூக்குக்கு நேரா நடுவுல நிக்கணும்."

"நிக்கலையே. சுவரோரமா ஒதுங்கி நிக்கிறார். வயலின்காரரையும் கூடவே கூட்டிட்டு வந்துட்டார்."

ஓம்காரர் ஹெட்போனை மாற்றினார். அதிலும் பாடகர் வலப்பக்கமே நின்றார். பெண் குரலைப் போட்டார். அந்த அம்மாளும் அங்கேயே போய் நின்றார். குழுவாகப் பாடுகிற பாட்டைப் போட்டார். பேருந்து ஒரு பக்கம் சாய்ந்தது போல அத்தனை பேரும் வலப்பக்கம் குவிந்தார்கள். "சில காதுக்குப் பழகணும் சார், ஓடவிட்டா சரியாயிடும்" என்று அவர் சொன்னதை நம்பி முந்நூறு ஓம்காரனையும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரையும் வாங்கி வந்தேன். விலையைக் கேட்காதீர்கள், உங்கள் அக்காளிடம் சொன்ன விலையும் உண்மையான விலையும் வேறு வேறு.

வீட்டில் நாள் கணக்கில் ஓடவிட்டும் பாடகர் நகரவில்லை. உங்களிடம் கேட்டேன். சத்தம் குறைவாக வைத்தால் சில ஆம்ப்ளிஃபையர்களின் குமிழ் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துத் தராது என்றீர்கள். கூட்டி வைத்தேன், வலது காது கிழிந்தது. வயரை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர்தான் உயிருள்ள சத்தம் தரும் என்றீர்கள். பழையதைக் கொடுத்து அதை வாங்கினேன். அது வந்த பிறகு இடப்பக்கத்தில் ஓர் இரைச்சல், யாரோ தொலைவில் கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டுவது போல. எர்த் சரியில்லை என்றீர்கள். மின்பணியாளரை வரவழைத்தேன். அவர் சுவரைத் தோண்டிப் புது எர்த் போட்டுவிட்டுப் போனார். இரைச்சல் போகவில்லை. ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன், அப்போதும் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன், அப்போதும் போகவில்லை. மாப்பிள்ளை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இரைகிற ஆம்ப்ளிஃபையரைப் பற்றி ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வந்தது பெருமை. எவ்வளவு வலுவான சாமான் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையே காதுக்குள் செருகுவதையும், சட்டைப்பை ஆம்ப்ளிஃபையரையும் வாங்கி, பூங்காவில் நடக்கும்போது கேட்டுப் பார்த்தேன். இடது பக்கத்து ரப்பர் நுனி சரியாக உட்காரவில்லை என்று பெரிய அளவில் ஒன்று, சிறிய அளவில் ஒன்று, பிறகு நுரைப் பஞ்சு நுனி என்று மாற்றி மாற்றி வைத்தேன். நடக்கும்போது அடிக்கடி இடது பக்கம் சாய்ந்து செடிவேலியில் உரசினேன். வீட்டிலும் கதவு நிலையில் இடது தோள் இடித்தது. "குடிச்சிட்டு வந்த மாதிரி நடக்கிறீங்களே" என்றாள் உங்கள் அக்காள். சட்டைப்பையில் ஆம்ப்ளிஃபையர் கனக்கிறது, அதுதான் இழுக்கிறது என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். தீப்பெட்டி அளவு சாமான் அது.

கடைசியில் பழைய உத்தியோகம் எனக்குள் எழுந்து உட்கார்ந்தது. சாமான்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, ஓம்காரரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கடைக்குப் போனேன். கடையில் வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. "தராசு சாஞ்சா, தப்பு எடைக்கல்லுலயா தராசுலயான்னு எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? ரெண்டு தட்டுல இருக்கிறதையும் இடம் மாத்தி வைப்போம். சாய்வும் கூடவே மாறினா கல்லு தப்பு. சாய்வு அதே பக்கம் நின்னா தராசே தப்பு. இப்பப் பாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஹெட்போனைத் திருப்பி, இடதை வலதிலும் வலதை இடதிலுமாக மாட்டிக்கொண்டேன். பாடகர் இப்போது இடது பக்கம் வந்து நிற்க வேண்டும். நின்றதும் ஓம்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கண்ணை மூடாமல் காத்திருந்தேன்.

பாடகர் வலப்பக்கமே நின்றார்.

"என்ன சார், மாறிடுச்சா?" என்று கேட்டார் ஓம்காரர். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். "சாமான்ல தப்பு இல்ல" என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு மாடல் ஒன்றைக் காட்டட்டுமா என்றார். நான் படியிறங்கி டயர் கடை வாசலில் அடுக்கியிருந்த டயர்களின்மேல் உட்கார்ந்துவிட்டேன். டயர் கடைக்காரர் வந்து, எந்த அளவு டயர் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

காது மருத்துவர் ஒரு பெண். சிரிக்காமல் பேசுகிறவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு நேரம் வந்தபோது பொத்தான் என் கையில் சும்மா கிடந்தது. பிறகு தலையை ஸ்கேன் செய்தார்கள். அந்த இயந்திரம் போட்ட சத்தத்தைக் கேட்டபோது, இதைவிட வால்வு ஆம்ப்ளிஃபையர் தேவலை என்று நினைத்தேன். படத்தைக் காட்டி மருத்துவர் சொன்னார்: "கேக்கிற நரம்புல ஒரு கட்டி. கேன்சர் இல்ல. ஆனா நல்லா வளர்ந்துடுச்சு, மூளையை அழுத்துது. எடுத்தாகணும்."

"எடுத்தா காது சரியாயிடுமா?"

"அந்தக் காதுல மிச்சம் இருக்கிறதும் போயிடும்."

"எடுக்கலைன்னா?"

"காது மட்டும் போகாது" என்றார்.

உங்கள் அக்காள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் துயரத்துக்கெல்லாம் 'புரியுதுங்க, கொஞ்சம் லைன்ல இருங்க' என்று பதில் சொல்லிப் பழகியவள், அப்போது தன் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லிவிட்டேன், ஆபரேஷன் கிடையாது என்று. பாட்டு கேட்பதற்கென்றே இவ்வளவு பாடுபட்டு இவ்வளவும் வாங்கி வைத்தவன் ஒரு காதை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதா? மண்டையைத் திறந்தால் உள்ளே வேறு என்னவெல்லாம் தவறு இருக்குமோ, சோதனை செய்கிற வேலையில் இருந்தவனுக்குத் தெரியாதா? அவளுக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. இருவரும் நாள் கணக்கில் தட்டு வைக்கிற சத்தத்தில் மட்டும் பேசிக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கூடத்துக்கு வந்து, "அதைக் குடுங்க" என்று என் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். இடப்பக்கத்துக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தக் காதை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டாள். ஒரு பாட்டு முழுவதையும் அப்படியே நின்றபடி கேட்டாள். முடிந்ததும் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இவ்வளவுதான?" என்றாள்.

"எது?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களுக்குக் கேக்கப் போறது. கேட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"மேடை இருக்காது" என்றேன்.

"மேடைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, கேக்கிற ஆளே இல்லாம" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, "வணக்கம், உங்க புகாரைச் சொல்லுங்க" என்று அவள் குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை கிடையாது. யாரிடம் பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

ஆயினும் என் முடிவில் மாற்றமில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். நீங்கள் கிளம்பி வர வேண்டாம். அக்காளுக்குப் பரிந்து தொலைபேசியில் பேசவும் வேண்டாம். எனக்குப் பயம் எதுவும் இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் உங்களுக்குத்தான், காலம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம். உங்கள் துணைவியாருக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தின்று, இரண்டு காதுகளோடும் நெடுநாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைத் தபாலில் சேர்க்க நானும் உங்கள் அக்காளும் காலையில் நடந்தே போனோம். வழியில் இருவரும் ஒன்றும் பேசவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கோபத்தில் வருகிறாள், வரட்டும் என்று விட்டுவிட்டேன். அஞ்சலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளப் போகையில் அதில் எங்கள் இருவர் உருவமும் தெரிந்தது. என் இடப்பக்கத்தில் அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முகமெல்லாம் ஈரம். வழி நெடுகத் தெரு இரைச்சலுக்கு நடுவே மெல்லப் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். "என்ன சொல்லிட்டு வந்த?" என்று திரும்பிக் கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க. அந்தப் பக்கம் உங்களுக்குக் கேக்காதுல்ல, அதான் அந்தப் பக்கமா நடந்தேன்" என்றாள். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். வரும் வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். பயமில்லை என்று எழுதியது பொய். கிளம்பி வாருங்கள், மாப்பிள்ளை. நான் உள்ளே இருக்கிற நேரம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவள் ஏதாவது பேசினால், தயவுசெய்து கடைசிவரை கேளுங்கள்.