நான் லிக்கோனியைப் பார்த்து உட்காரவில்லை

கிபொக்கோனி, மொம்பாசா
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் ஃபமாவு அவர்களுக்கு, தங்கள் தங்கை சுவேனாவின் கணவன் நஸ்ஸோர் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். லாமுவில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் தங்கள் கழுதைகளும் இறைவன் அருளால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் பூனையும். முதலில் எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் வீடு இடிந்த கதையை எடுக்க வேண்டும் என்பது நம் கரையோரத்து மரியாதை. அந்த மரியாதையை முடித்துவிட்டேன். இனி இடிந்த கதை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் போனை நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "இங்க காத்து ஜாஸ்தி மாப்பிள்ளை, ஒண்ணும் கேக்கலை" என்று வைத்துவிடுகிறீர்கள். லாமுவில் காற்று உண்டுதான், ஆனால் என் குரலைக் கேட்டதும் அடிக்கிற காற்றை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சுவேனாவின் போன் இங்கேதான் அலமாரிக்குள் மணியடித்துக்கொண்டிருக்கிறது. அடிப்பது நான்தான். பழக்கதோஷம். ஆகவே லாமு பஸ் நடத்துநர் ஷெபே கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள், படித்துவிட்டு அவளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இந்த வினை எல்லாம் சர்க்கரையில் ஆரம்பித்தது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, ஆனால் வாய் பெரிது, "துறைமுகத்துல கிரேன்ல உக்காந்தே காலத்தை ஓட்டிட்டீங்க பெரியவரே, இனிமேலாவது எழுந்து நடங்க" என்றாள். சரி என்று, சாயங்காலம் காற்று வாங்கப் போகும் கிபுவானா, மசூத் இருவருடன் சேர்ந்துகொண்டேன். பூங்கா வழியாகப் போய், லைட்ஹவுஸ் கடற்கரைச் சாலையில் முழு நடை நடந்து திரும்புவது என்று ஏற்பாடு. கிபுவானாவை உங்களுக்குத் தெரியும், மட்டாட்டு மினிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வண்டி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஆள் நிற்கிற இடத்திலெல்லாம் இவனும் நிற்பான். நின்றால் சும்மா நிற்பானா? சுகமா, வீட்டில் சுகமா, பிள்ளைகள் சுகமா, பிள்ளைகளுடைய மாமியார்கள் சுகமா, கூரை ஒழுகுவது நின்றதா என்று முழுக் குடும்பத்தையும் விசாரித்து, அவர்கள் நம்மைத் திரும்ப விசாரித்து முடிக்கும் வரை மசூத் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுவான். அவன் தையற்காரன், முழங்கால் வலி. அவன் உட்காருகிற இடம் எப்போதும் மரவள்ளி வறுவல் விற்கும் இடமாகவே இருக்கும், அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வறுவலுக்கு எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும், காரத்துக்கு இளநீர், இளநீர் வாயைக் குளிரவைத்துவிட்டது என்று கசப்புக் காபி, காபியின் கசப்புக்குத் தேங்காய் மிட்டாய், வரும் வழியில் சிவப்புச் சாயம் போட்ட பாவோபாப் மரத்துக் கொட்டை மிட்டாய் ஒரு பொட்டலம். இப்படி நடந்து நடந்து இடுப்புத் துணி சுற்றுக்கு எட்டாமல் போயிற்று. மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன்.

"நடக்கிறீங்களா?"

"தினமும்மா."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன். சிவப்பாக இருந்தது.

"இது நடை இல்லை பெரியவரே, ஊர்வலம். நாளையிலேருந்து தனியா நடங்க" என்றாள்.

ஆகவே விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் தனியாகப் போக ஆரம்பித்தேன். மச்சான், உங்களிடம் மறைப்பானேன், அந்த நடை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாவோபாப் மரங்களுக்கு நடுவில் ஆள் இல்லை. கடல் ஒன்றும் விசாரிப்பதில்லை. கோடியில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது, அதில் சற்றே உட்கார்ந்து, துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவேன். வந்ததும் சுவேனா டீ ஊற்றுவாள். என்ன கப்பல் வந்தது, எது துருப்பிடித்திருந்தது, எதைக் கிரேன்காரன் திட்டப்போகிறான் என்று நான் சொல்லச் சொல்ல அவள் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வளவுதான் நான் செய்த குற்றம். நீயும் வா என்று ஒருநாள் கூப்பிட்டேன், "அடுப்புக்கும் தண்ணித் தொட்டிக்கும் நான் நடக்கிற நடை போதாதா?" என்றாள்.

ஆனால் நம் ஊரில் ஒருவன் தனியாக நடந்தால் விடுவார்களா? வழியில் யாராவது எதிர்ப்பட்டால், நின்றால் நடை கெட்டுவிடுமே என்று, "சுகமா? சுகம். வீட்ல? சுகம்" என்று இரண்டே கேள்வியோடு முடித்துக்கொண்டு நடையைக் கட்டினேன். அங்கேதான் தப்பு நடந்தது. மாமியாரை விசாரிக்கவில்லை, கூரையை விசாரிக்கவில்லை, சுகம் என்று சொன்னபின் சொல்ல வேண்டிய சுகக்கேடுகளையும் சொல்லவில்லை. சுகத்தோடு நிறுத்திக்கொள்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் கல் பெஞ்சு கப்பல் கால்வாயின் அக்கரையைப் பார்த்து இருக்கிறது, அக்கரையில் லிக்கோனி இருக்கிறது. பெஞ்சை நான் போடவில்லை, லிக்கோனியையும் நான் வைக்கவில்லை. ஒருநாள் என்னோடு வேலை பார்த்தவன் இழுவைப் படகில் போனான், கையசைத்தேன். அதை மசூத் பார்த்திருக்கிறான். படகைப் பார்க்கவில்லை, என் கையை மட்டும் பார்த்திருக்கிறான். மறுநாள் கிபுவானா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று என்னைக் கண்காணித்தான். மரம் பருமன்தான், ஆனால் கிபுவானா அதைவிடப் பருமன்.

"நஸ்ஸோர், மறைக்காம சொல்லு. லிக்கோனியில யாரு?" என்றான் வெளியே வந்து.

"யாரும் இல்லைடா."

"அப்ப எதுக்குக் கையைக் காட்டினே?"

"படகுக்கு."

"படகுக்கு யாராவது கையைக் காட்டுவாங்களா? விதவையா, விவாகரத்தா, அதை மட்டும் சொல்லு. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

சொல்ல மாட்டோம் என்றவர்கள் அன்று மாலையே என் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்து சுவேனாவிடம், "மனசைத் தேத்திக்கம்மா, ஆம்பளைங்க புத்தி இந்த வயசுல அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லி, அவள் சுட்ட மந்தாஸியையும் தின்றுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு சௌதா ஜன்னலிலிருந்தே, "எனக்கு ரம்ஜான் முடிஞ்சதிலேருந்தே தெரியும், பாவம், உன் முகத்துக்காகத்தான் சொல்லலை" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், அல்லாஹ்தான் அறிவான்! மறுநாள் காலையில் சுவேனா வாசகம் அச்சடித்த புது லேசோத் துணி ஒன்றை எடுத்துக் கொடியில் காயப் போட்டாள். துவைக்காத லேசோவைக் காயப் போடுகிறாள் என்றால் யாருக்கோ சேதி சொல்கிறாள் என்று அர்த்தம். அந்த லேசோவில் அச்சடித்திருந்த வாசகத்தை உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. நாக்கு நீளத்தைப் பற்றியது, பொய்யைப் பற்றியது, அவ்வளவு சொன்னால் போதும். அதுவும் முற்றத்துப் பக்கம் இல்லை மச்சான், தெருவைப் பார்த்துப் போட்டாள். நான் மட்டும் படித்தால் போதாது, தெருவே படிக்கட்டும் என்று. தெருவும் படித்தது, தலையை ஆட்டியது. அடுத்த நாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"காத்து வாங்கப் போறேன். அண்ணன் வீட்டுக்கு."

இப்படி ஒரு குத்தலை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். தனியாக நடந்ததால் வந்த வினை என்று தெரிந்ததும் கிபுவானாவுக்கும் மசூத்துக்கும் மனசு உறுத்திவிட்டது. நான் துக்கம் தாளாமல் கடலில் இறங்கிவிடுவேனோ என்று சுபுஹு முடிந்ததுமே இரண்டு பக்கமும் வந்து நின்றுகொள்கிறார்கள். நான் கைப்பிடிச் சுவர் பக்கம் நகர்ந்தால் கிபுவானா என் சட்டையைப் பிடிக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்தால் லிக்கோனியை மறைத்துக்கொண்டு மசூத் எதிரில் நிற்கிறான். கப்பல் தெரிவதில்லை, மசூத்தின் சட்டைப் பொத்தான்தான் தெரிகிறது. தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது? நேற்று ஒரு பெரிய கப்பல் வந்தது மச்சான், முழுக்கப் பச்சை வர்ணம், இப்படி ஒன்றை நான் வேலை பார்த்த காலத்தில் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து சொல்லத் தொடங்கிவிட்டேன். பூனை எழுந்து போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. டீ நானே போடுகிறேன், அதைக் குடிக்கிற கொடுமையும் என்னுடையதுதான்.

ஆகவே என் வேண்டுகோள். லிக்கோனியில் எனக்கு யாரும் இல்லை, அக்கரையில் எனக்கு ஒரு கோழி கூட இல்லை என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள். வேண்டுமானால் இனி தனியாக நடக்கவே மாட்டேன், ஊரையே கூட்டிக்கொண்டு நடக்கிறேன், எல்லோருடைய கூரையையும் விசாரிக்கிறேன். அவள் சொன்னால் நடையையே விட்டுவிடுகிறேன், சர்க்கரை ஏறினால் ஏறட்டும். அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றி அனுப்புங்கள். முடியாது என்றால் நானே வந்து உங்கள் வாசலில் நிற்பேன், கழுதை உதைத்தாலும் நகர மாட்டேன்.

மதினிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் கூரையும் உங்கள் படகும் உங்கள் பொறுமையும் நீடித்திருக்க இறைவனை வேண்டும்,

தங்கள் மைத்துனன்
நஸ்ஸோர்

பின்குறிப்பு: இதை பஸ் நிலையத்தில், பஸ்ஸின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னிக்கவும். கடிதத்தைக் கொடுக்க வந்தால் நடத்துநர் ஷெபே என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். சுவேனா அனுப்பியது. வாய்ச்சேதியும் உண்டு. அவள் சொன்னபடியே சொல்வதாக இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த லேசோவைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்குலயே தனக்குன்னு நினைச்சுட்டார்னு தெரிஞ்சுது. முற்றத்தைப் பார்த்துப் போட்டிருந்தா அவருக்கு. தெருவைப் பார்த்துல்ல போட்டேன், எதிர்வீட்டு சௌதாவுக்கு! இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் லேசோ படிக்கத் தெரியலையே இந்த மனுஷனுக்கு. லிக்கோனிக்காரியாம்! படகுல கால் வெச்சாலே வாந்தி எடுக்கிறவரு கால்வாயைத் தாண்டிப் போய்க் கல்யாணம் பண்ணுவாராம். காத்து வாங்கப் போறேன்னு வாயைத் திறந்துதானே சொல்லிட்டு வந்தேன்? தினம் அப்படி எதைப் பார்க்க ஓடுறார்னுதான் நானும் நடந்து பார்க்கிறேன். காலையில தண்ணியோரமா பக்கத்து ஊர் ஷேலா வரைக்கும். கறுப்புப் புய்புய் அங்கியை இழுத்து மூடிக்கிட்டா யாரு வீட்டுப் பொம்பளைன்னு ஒருத்தருக்கும் தெரியலை, சலாம் சொல்லி நிறுத்த ஆள் இல்லை, சோறு கேக்க ஆள் இல்லை. இப்பத்தான் அவர் சங்கதி புரியுது. இன்னும் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன். அண்ணனைப் போன் எடுக்கக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான்."

பொட்டலத்தில் புது லேசோ ஒன்று இருந்தது. லேசோ ஜோடியாகத்தான் வரும், அதில் ஒன்றைத்தான் அனுப்பியிருக்கிறாள், மற்றதை அவள் கட்டியிருக்கிறாளாம். இதில் உள்ள வாசகத்தையும் உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனால் இது வேறு கூச்சம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் அவளிடம் சொல்ல வேண்டாம். அவளை அனுப்பவும் வேண்டாம், நடக்கட்டும். பச்சைக் கப்பலைப் பற்றி மட்டும் சொல்லிவையுங்கள். உப்புத் தண்ணீரில் நடந்தால் செருப்பு வார் சீக்கிரம் அறுந்துவிடும். அறுந்திருந்தால் ஷெபேயிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அவள் கால் அளவு எனக்குத் தெரியும்.